அறுபது மணி நேர பாக்கி

காந்திபுரம் பஸ் நிலையம் என்று சொன்னால் "எந்த பஸ் நிலையமுங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். டவுன் பஸ்ஸுக்கு ஒன்று. திருப்பூர், ஈரோடு, சத்தி வண்டிகளுக்கு ஒன்று. அரசு விரைவுப் பேருந்துகளுக்குத் திருவள்ளுவர் பெயரில் ஒன்று. ஆம்னி வண்டிகளுக்கு சத்தி ரோட்டில் இன்னொன்று. காலை எட்டரைக்கு எதில் போய் நின்றாலும் இறங்குகிறவர்களில் பலர் காதில் ஏதோ ஒன்று செருகியிருக்கும்.

அதில் ஓடுவது பெரும்பாலும் பாட்டுதான். ஆனால் பாட்டை விட்டுவிட்டுப் பேச்சுக்கு மாறிய கூட்டம் ஒன்று தனியாக வளர்ந்திருக்கிறது. தீபிகா அருணின் 'கதை ஓசை'யில் நாவல் கேட்கிறவர்கள், விகடனின் 'இம்பர்ஃபெக்ட் ஷோ'வில் அன்றைய அரசியல் கேட்கிறவர்கள், ஸ்ருதி டிவி ஏற்றிவைத்திருக்கும் இலக்கியக் கூட்டப் பேச்சுகளைத் திரையை அணைத்துவிட்டுக் கேட்கிறவர்கள், ஆங்கிலத்தில் ரோமாபுரி வரலாறு கேட்கிறவர்கள் என்று பல ரகம். ரகம் பலவானாலும் குறை ஒன்றுதான்: "சேர்ந்துகிட்டே போகுதுங்க, கேட்டு முடிக்க முடியறதில்லை."

பாட்டு இப்படிச் சேர்வதில்லை. ஆயிரம் பாட்டு போனில் கிடந்தாலும் கேட்காமல் விட்ட பாட்டு என்று யாரும் வருந்துவதில்லை. பாட்காஸ்ட் அப்படியல்ல. சப்ஸ்கிரைப் செய்த நாளிலிருந்து அது நம் பெயரில் கணக்கு எழுத ஆரம்பித்துவிடுகிறது. ஆன்டெனாபாட் என்ற இலவசச் செயலியில் வரிசைப் பக்கத்தின் உச்சியில் ஒரு வரி இருக்கும்: எத்தனை எபிசோடு காத்திருக்கிறது, எல்லாம் சேர்ந்து இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி. பலர் அந்த வரியைக் கண்டும் காணாமல் விரலால் தள்ளிவிட்டுப் போகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

கிராஸ்கட் ரோட்டுத் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வீடு அவிநாசி. அவர் போனில் பாக்கி 60 மணி நேரம். காலையில் வர ஒரு மணி பத்து நிமிஷம், சாயந்திரம் போக அதே அளவு. வாரத்துக்கு ஆறு நாள் வேலை. ஆக 14 மணி நேரம் பஸ்ஸில் கழிகிறது. மனசுக்குள் அவர் போடும் கணக்கு எளிது: 60-ஐ 14-ஆல் வகுத்தால் நாலரை வாரத்துக்கும் குறைவு. அடுத்த மாசம் எல்லாம் முடிந்துவிடும்.

முடியாது. ஏன் என்று தெரிய அந்த வண்டியில் ஏறிப் பார்க்க வேண்டும்.

கொங்குநாட்டுத் தனியார் பஸ்ஸின் பெருமையே அதன் ஸ்பீக்கர்தான். டிரைவர் தலைக்கு மேல் ஒரு ஜோடி, நடுவில் ஒரு ஜோடி, கடைசி சீட்டுக்குப் பின்னால் பேஸ் தனி. கூரையோரம் நீலமும் சிவப்பும் மாறி மாறி எரிகிற விளக்குகள். இளையராஜாவின் தபலாத் தட்டு ஒவ்வொன்றும் முதுகெலும்பில் இறங்கும். பாட்டுக்காகவே வண்டியைப் பார்த்து ஏறுகிற ரசிகர்கள் உண்டு. முன்னால் வந்த வண்டியை விட்டுவிட்டு நிற்பார்கள். அந்த வண்டிக்குள் இயர்போனில் ஒருவர் முதலாம் உலகப் போரின் காரணங்களை விளக்கிக்கொண்டிருந்தால் அவர் கதி என்ன ஆகும்?

"ஏனுங்ண்ணா, பாட்டைக் கொஞ்சம் கம்மி பண்ணலாமுங்களா?"

"பாட்டு இல்லீனா இந்த வண்டியில எதுக்குங்க ஏறோணும்? பின்னாடியே கவர்மென்ட் வண்டி வருதுங்க."

கண்டக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரசு வண்டியில் ஏறினால் பாட்டு இருக்காது. ஜன்னல் கண்ணாடி ஆடுகிற சத்தம் இருக்கும். காலையில் நிற்க இடம் கிடைத்தால் போதும் என்கிற கூட்டம். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் டிபன் பை, அடுத்த எபிசோடை மாற்ற மூன்றாவது கை வேண்டும். கருமத்தம்பட்டி தாண்டும்போது கடையிலிருந்து முதல் போன் வரும். சாயந்திரம் உட்கார இடம் கிடைத்த நாளில் நீலாம்பூர் வருவதற்குள் கண் சொக்கிவிடும். எபிசோடு பாட்டுக்கு ஓடி முடிந்திருக்கும், அதைக் கேட்டதாகச் செயலியும் எழுதிக்கொள்ளும், ஆனால் காதில் விழுந்தது முதல் பத்து நிமிஷம்தான். இதையெல்லாம் கழித்தால் அந்த 14 மணி நேரத்தில் உருப்படியாகத் தேறுவது ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதுவே கொஞ்சம் தாராளம்.

மனிதர்கள் தங்கள் நேரத்தைத் தாங்களே கணிக்கும்போது இப்படித்தான் ஏமாறுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். 1994-ல் வெளியான ஆய்வொன்றில் ரோஜர் பியூலரும் சகாக்களும் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் ஏறத்தாழ 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு ஏறத்தாழ 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். ஆக, எதிர்பார்த்த மோசத்தையும் நடந்தது தாண்டிவிட்டது. இதற்கு டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே சொன்ன மருந்து ஒன்று இருக்கிறது: இந்தத் தடவை எப்படி நடக்கும் என்று கற்பனை செய்யாதே, போன தடவைகளில் எப்படி நடந்தது என்று பார்.

பாட்காஸ்ட் விஷயத்தில் அந்த மருந்து கைக்குள்ளேயே கிடக்கிறது. ஆன்டெனாபாட், பாக்கெட் காஸ்ட்ஸ் இரண்டிலும் புள்ளிவிவரப் பக்கம் உண்டு. மொத்தம் எவ்வளவு நேரம் ஓடியது, வேகம் கூட்டியதால் எவ்வளவு மிச்சம் ஆனது என்பதை பாக்கெட் காஸ்ட்ஸ் காட்டும். எந்த நிகழ்ச்சியை எத்தனை மணி நேரம் கேட்டோம் என்று ஆன்டெனாபாட் பெயர் வாரியாகப் பிரித்தே சொல்லும். கையிருப்பு எவ்வளவு என்று அறிய பீரோவைப் பார்ப்போமே தவிர மனசைக் கேட்க மாட்டோம். நேரத்துக்கு மட்டும் மனசைக் கேட்கிறோம்.

இனி வரவைப் பார்ப்போம். நம் கணக்கர் வைத்திருக்கும் சந்தா ஒன்றும் அதிகமில்லை. தினசரி அரசியல் நிகழ்ச்சி ஒன்று, அரை மணி வீதம் வாரம் ஆறு நாள்: 3 மணி நேரம். ஒரு மணி நேர வாராந்தர நிகழ்ச்சிகள் மூன்று: இன்னொரு 3. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிற நாலு மணி நேரப் பேட்டி ஒன்று: வாரக் கணக்கில் 2. சிறுகதை வாசிப்பு, அரை மணி வீதம் இரண்டு: 1. கூட்டினால் வாரத்துக்கு 9 மணி நேரம் வந்து விழுகிறது. கேட்பது ஐந்தரை. ஒவ்வொரு வாரமும் மூன்றரை மணி நேரம் மீதம். ஒரு வருஷத்தில் 182 மணி நேரம் புதிதாகச் சேரும். பழைய அறுபது அப்படியே இருக்க, அதன் மேல் மூன்று மடங்கு ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அவர் சோம்பேறி இல்லை. கணக்கே அப்படி அமைந்திருக்கிறது. பாக்கி அறுபதா அறுநூறா என்பதில் பெரிய சேதி இல்லை. வரவு பெரிதா, செலவு பெரிதா என்பதில்தான் எல்லாம். வரவு பெரிதாக இருக்கிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பத்து மணி நேரம் கேட்டுத் தீர்த்தாலும் மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்த சூத்திரம் ஒன்று இருக்கிறது. வரிசையில் நிற்பவற்றின் எண்ணிக்கை, அவை வந்து சேரும் வேகத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கியதற்குச் சமம் என்பது அதன் சாரம். வங்கி முதல் தொழிற்சாலை வரை இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். இதே போக்கில் நம் கணக்கர் வரிசை தவறாமல், முதலில் வந்ததை முதலில் கேட்பவர் என்று வைத்துக்கொண்டால், 60-ஐ ஐந்தரையால் வகுக்க வேண்டும்: இன்று காலை வந்த அரசியல் அலசல் அவர் காதுக்குப் போய்ச்சேர ஏறத்தாழ பதினொரு வாரம் ஆகும். இடைத்தேர்தலுக்கு வேட்பாளர் யார் என்ற ஊகத்தை, ஜெயித்தவர் பதவியேற்ற பிறகு கேட்பார். அதனால்தான் யாரும் வரிசைப்படி கேட்பதில்லை. புதிதாக வந்ததை எடுத்துக் கேட்கிறார்கள். அடியில் கிடப்பது அடியிலேயே கிடக்கிறது.

வேகத்தைக் கூட்டினால் போயிற்று என்பார்கள். ஸ்பாட்டிஃபையில் மூன்றரை மடங்கு வரை கூட்ட இடம் இருக்கிறது. கூட்டலாம், ஆனால் அதன் கணக்கு பலர் நினைப்பது போல் நேர்க்கோட்டில் போவதில்லை. ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒன்றேகால் வேகத்தில் 48 நிமிஷம், ஒன்றரை வேகத்தில் 40, இரண்டு மடங்கில் 30, இரண்டரையில் 24. முதல் அரைப் படியில் 20 நிமிஷம் மிச்சம், அடுத்த அரைப் படியில் பத்துதான், அதற்கடுத்ததில் ஆறு. காதுக்கு வலி ஏற ஏற லாபம் இறங்குகிறது. நம் கணக்கரின் வார வரவு 9 மணி நேரத்தை ஒன்றரை வேகத்தில் ஓட்டினாலும் 6 மணி நேரம் வரும். அவரிடம் இருப்பது ஐந்தரை. அப்போதும் பாக்கி கூடத்தான் செய்யும்!

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு வேகப் பிரியர்கள் அடிக்கடி சுட்டிக்காட்டுவது. பாடக் காணொளிகளை வெவ்வேறு வேகங்களில் பார்த்த மாணவர்களிடம் தேர்வு வைத்தபோது, இரண்டு மடங்கு வரை மதிப்பெண் பெரிதாகக் குறையவில்லை. இரண்டரைக்குப் போனபோது இறங்கியது. நல்ல சேதிதான். ஆனால் அந்த மாணவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் படியில் தொங்கிக்கொண்டு கேட்கவில்லை.

இன்னொன்று, எல்லாப் பேச்சும் வேகத்துக்குத் தாங்காது. வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதனை நினைத்துக்கொள்ளுங்கள். 2009-ல் மறைந்துவிட்டார், பேச்சு இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முகத்தில் சிரிப்பே இல்லாதவர் போல நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு போடு போடுவார். அந்த நிதானம் போனால் நகைச்சுவையும் போயிற்று. ஒன்றரை வேகத்தில் தென்கச்சியைக் கேட்பதைவிடக் கேட்காமலே இருக்கலாம். சாலமன் பாப்பையாவின் பட்டிமன்றமும் அப்படியே. அவர் பேசுகிற இடத்தில் பாதி, பேசாமல் நிறுத்துகிற இடத்தில் மீதி. செய்தி அலசல், தொழில்நுட்பப் பேச்சு, பங்குச்சந்தை போன்றவற்றுக்கு ஒன்றரை வைத்துக்கொள்வதில் தப்பில்லை. பல செயலிகளில் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தனி வேகம் வைக்க முடியும், வைத்துக்கொள்வது நல்லது.

சரி, ஒரு பெரிய உருப்படியைக் குறித்த நாளுக்குள் கேட்டு முடிக்க வேண்டும் என்றால்? இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஊரறிந்த உதாரணம் இருக்கிறது. 2022 ஜூலை 8-ஆம் தேதி மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்கு டீசர் வந்தது. படம் செப்டம்பர் 30. நாவலை வாசிக்காதவர்கள் எல்லாம் ஒலிப்புத்தகத்தைத் தேடிப் போனார்கள். பாம்பே கண்ணன் பல குரல்களை வைத்துத் தயாரித்த ஒலிநூல் 75 மணி நேரத்துக்கும் மேல் ஓடும். டீசர் பார்த்த அன்றே ஆரம்பித்திருந்தால் கையில் இருந்தது 84 நாள், அதாவது சரியாகப் பன்னிரண்டு வாரம்.

வாரம் ஐந்தரை மணி நேரம் கேட்கிற நம் கணக்கர் வேறு எதையும் தொடாமல் இதை மட்டும் கேட்டிருந்தால் படத்துக்கு முதல் நாள் வரை 66 மணி நேரம் ஆகியிருக்கும். கடைசி ஒன்பது மணி நேரம் பாக்கி. ஒன்றேகால் வேகத்தில் வைத்திருந்தால் 75 என்பது 60 ஆகி, பதினொரு வாரத்துக்குள் முடிந்திருக்கும். ஆனால் இதைவிடச் சாமர்த்தியமான வழி வேறு. நாவல் ஐந்து பாகம்: புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம். முதல் படம் ஏறத்தாழ இரண்டாம் பாகத்தோடு நின்றது. அருள்மொழியும் வந்தியத்தேவனும் கடலில் அகப்படுகிற இடம். இரண்டாவது படம் 2023 ஏப்ரல் 28-ல்தான் வந்தது. செப்டம்பருக்குள் இரண்டு பாகம், மீதி மூன்றுக்கு இன்னும் ஏழு மாசம் என்று பிரித்துக்கொண்டவருக்குத் தென்கச்சியைக் கேட்கவும் நேரம் இருந்திருக்கும். மொத்தத்தையும் ஒரே கெடுவுக்குள் அடக்கப் பார்த்தவர்கள் புது வெள்ளத்திலேயே இறங்கிக்கொண்டார்கள்.

கல்கி அதை எழுதியபோது இந்தத் தொல்லை இல்லை. 1950 அக்டோபரில் ஆரம்பித்து ஏறத்தாழ மூன்றரை வருஷம் வாராவாரம் பத்திரிகையில் வந்தது. வாசகர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் வாரத்துக்கு அவ்வளவுதான் கிடைக்கும். வேகத்தைப் பத்திரிகையே நிர்ணயித்தது. வானொலிக் காலத்திலும் அப்படியே. இரவு ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசைக்கு ரேடியோ முன் உட்காராதவர்க்கு அன்றைய ஓசை இல்லை. தவறவிட்டால் தவறியதுதான், அதை யாரும் அடுத்த நாளைக்குக் கட்டி எடுத்துப்போனதில்லை. சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி நின்றது. அதற்குள் எல்லாம் எப்போதும் கிடைக்கும் காலம் வந்துவிட்டது. எப்போதும் கிடைப்பது எப்போதும் பாக்கியாகவும் இருக்கிறது.

நொய்யல் வழியில் வெட்டிய கோவைக் குளங்களுக்கு மதகும் உண்டு, கலிங்கும் உண்டு. மதகு வயலுக்கு விடுவது. கலிங்கு, கொள்ளளவுக்கு மேல் வந்த தண்ணீர் யாரையும் கேட்காமல் அடுத்த குளத்துக்கு வழிந்து போவது. கலிங்கு இல்லாத குளம் முதல் பெருமழையிலேயே கரை உடையும். பாட்காஸ்ட் செயலிகளிலும் கலிங்கு வைத்திருக்கிறார்கள். திறந்துவிடத்தான் ஆள் இல்லை. பாக்கெட் காஸ்ட்ஸில் இத்தனை நாள் தொடாத எபிசோடைத் தானாகவே எடுத்து ஒதுக்கிவிடச் சொல்லலாம்: ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம் என்று. தினசரி செய்திக்கு இரண்டு நாள் என்று ஒருமுறை வைத்துவிட்டால் அதன் பாக்கி ஒருபோதும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது.

எல்லாவற்றையும் இப்படி வழிய விட முடியாது என்பதும் உண்மை. செய்தி கெட்டுப்போகிற சரக்கு, அது போகட்டும். மைக் டங்கனின் 'ஹிஸ்டரி ஆஃப் ரோம்' வேறு ரகம். 2007-லிருந்து 2012 வரை வந்து முடிந்துவிட்ட தொடர், 179 அத்தியாயம், எழுபது மணி நேரத்துக்கு மேல். வரிசையாகத்தான் கேட்க வேண்டும். ஆனால் முடிந்துபோன தொடர் என்பதால் வரவு சைபர். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கேட்கக் கேட்கக் குறைகிற ஒரே பாக்கி இதுதான். மாதம் ஒன்று என்று வருகிற பிரதமரின் 'மன் கி பாத்'தும் பயமுறுத்தாது. நூறு பகுதிக்கு ஒன்பது வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டது, அரை மணி வீதம் மொத்தம் ஐம்பது மணி நேரம்தான்.

பிபிசியின் 'இன் அவர் டைம்' இன்னொரு எல்லை. 1998-ல் மெல்வின் பிராக் தொடங்கியது, ஆயிரம் பகுதியைத் தாண்டிவிட்டது. முக்கால் மணி வீதம் என்றால் 750 மணி நேரத்துக்கு மேல். வாரம் ஐந்தரை மணி நேரம் இதற்கே கொடுத்தாலும் இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகும். இதைப் பாக்கி என்று எழுதி வைத்துக்கொள்வதே தப்பு. ஒவ்வொரு பகுதியும் தனித்தனி விஷயம். மத்திய நூலகத்துக்குள் நுழைந்தவர் எல்லாப் புத்தகத்தையும் வாசிக்கக் கடன்பட்டவர் இல்லை. தேவைப்பட்டபோது ஒன்றை எடுத்தால் போதும். சந்தாவை நீக்கிவிட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

சங்கடம் தருவது நடுவில் இருக்கும் ரகம். அமித் வர்மாவின் 'தி சீன் அண்ட் தி அன்சீன்' 2017-ல் தொடங்கியபோது அரை மணிக்குள் முடிகிற சின்ன நிகழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு நீண்டு நீண்டு ஐந்து மணி நேரம், அதற்கு மேலும் என்று ஒரே பேட்டி போகத் தொடங்கியது. நல்ல பேட்டிகள், அதனாலேயே நீக்க மனம் வராது. கோவையில் டிசம்பர் தோறும் நடக்கிற விஷ்ணுபுரம் விருது விழாவின் அரங்குகள் மொத்தமாக யூட்யூபில் வந்து விழும்போதும் இதே நிலைதான். இரண்டு நாள் பேச்சு ஒரே வாரத்தில் குவியும். இவற்றுக்கு வேகம் மட்டும் போதாது, தானாக ஒதுக்குவதும் சரிவராது. மாதத்துக்கு ஒன்று என்று கையால் பொறுக்கி எடுப்பதுதான் வழி. சந்தா வேண்டாம், பெயரைப் பார்த்து, ஆளைப் பார்த்து, இது வேண்டும் என்றால் மட்டும் வரிசையில் சேர்ப்பது.

இப்படிச் செய்தால் நம் கணக்கர் கணக்கு எப்படி மாறும் என்று பார்த்துவிடலாம். தினசரி செய்திக்கு இரண்டு நாள் ஆயுள் என்று வைத்துவிட்டார். காலையில் கடை திறக்கும் முன் டீக்கடையில் தலைப்பை மட்டும் கேட்டுக்கொள்கிறார், அதைப் பஸ் நேரத்தில் சேர்க்கவில்லை. நீண்ட பேட்டி மாதத்துக்கு ஒன்று, வாரக் கணக்கில் 1 மணி நேரம். வாராந்தர நிகழ்ச்சிகள் 3, சிறுகதை 1. ஆக வரவு 9-லிருந்து 5 ஆனது. ஒன்றேகால் வேகத்தில் 4. கையில் ஐந்தரை. முதல்முறையாக வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பழைய பாக்கிக்கு மிஞ்சுகிறது. பழைய 60 மணி நேரம் ஒன்றேகாலில் 48. ஒன்றரையால் வகுத்தால் 32 வாரம். தைப்பொங்கலுக்கு ஆரம்பித்தால் ஆகஸ்ட் இறுதி. அது நீளம் என்று தோன்றினால் அறுபதுக்குள் புகுந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, மூன்று மாதத்துக்கு முந்தைய அரசியல், முடிந்துபோன கிரிக்கெட் தொடர், ஏன் சேர்த்தோம் என்றே நினைவில்லாதவை என்று 35 மணி நேரத்தைத் தூக்கி எறியலாம். மிச்சம் 25, வேகத்தில் 20. பதினாலாவது வாரத்தில் சித்திரைக் கனி தாண்டிய கையோடு வரிசை காலி.

கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி 2024-ல் மூடப்பட்டபோது சந்தாப் பட்டியலை வேறு செயலிக்கு மாற்றிக்கொள்ளக் கெடு கொடுத்தார்கள். மாற்றாமல் விட்டவர்களுக்கு அது ஒரு கடன் தள்ளுபடி. அப்படி இழந்தவர்கள் புதுச் செயலியில் மறுபடி தேடிச் சேர்த்துக்கொண்ட நிகழ்ச்சிகள் எவையோ அவைதான் அவர்கள் உண்மையில் கேட்டுக்கொண்டிருந்தவை.

நேரமும் நிலையாக நிற்பதில்லை. 2025 அக்டோபர் 9-ஆம் தேதி அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ் ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் பெயர் அதற்கு. முக்கால் மணி நேரப் பயணம் பத்து நிமிஷத்தில் முடியும் என்று திறப்பின்போது சொன்னார்கள். காரில் தினமும் அந்த வழியே போகும்போதும் வரும்போதும் பாட்காஸ்ட் கேட்டவருக்கு ஒரு வழிக்கு 35 நிமிஷம் போயிற்று. வாரம் ஐந்து நாள், இரண்டு வழி: ஆறு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் குறைவு. பெட்ரோல் மிச்சம், நேரம் மிச்சம், பாக்கி மட்டும் ஏறுமுகம். பாலத்தைக் குறை சொல்ல முடியாது. சந்தாவில் இரண்டைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். வேலை மாறினாலும், வீடு மாறினாலும், வொர்க் ஃப்ரம் ஹோம் வந்தாலும் இதே கதை. கேட்கும் நேரம் மாறிய வாரமே வரவையும் மாற்றாவிட்டால் வரிசைப் பக்கத்தின் உச்சியில் எண் ஏறத் தொடங்கிவிடும்.

டூவீலரில் போகிறவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கில் சேர வேண்டாம். ஹெல்மெட்டுக்குள் இயர்போன் வைத்துக்கொண்டு கணபதி டெக்ஸ்டூல் பக்கம் போகிற நேரத்தைக் கேட்கும் நேரமாக எழுதிக்கொள்வதைவிடப் பாக்கி நூறு மணி நேரம் ஏறினாலும் பரவாயில்லை.

மற்றவர்கள் இந்த மாதக் கடைசி நாளில் ஒரு காரியம் செய்யுங்கள். வரிசைப் பக்கத்தில் உள்ள மீதி மணி நேரத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த மாதக் கடைசியில் மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் தொட வேண்டாம், அப்படியே ஓடட்டும். ஏறியிருந்தால் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து, அதிகம் வந்து சேர்ந்து குறைவாகக் கேட்கப்பட்ட நிகழ்ச்சி எது என்று பாருங்கள். அந்த ஒன்றின் சந்தாவை அன்றைக்கே நீக்கிவிடுங்கள்; இன்னொரு மாதம் பார்க்கலாம் என்று விட்டுவைக்காதீர்கள்.